பெண்கள் பக்கத்துப் படங்கள்

1

இக்கதை எனக்குக் கிடைத்த வகையை முதலிலேயே சொல்லிவிடுதல் முறை.

கேளம்பாக்கத்துக் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடைக்குத் தலையணை வாங்கப் போயிருந்தேன். கடையின் உட்சுவரில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி மாட்டப்பட்டிருந்தது. அதன்மேல், இரட்டைக் கட்டிலுக்கு விரிக்கத்தக்க பூப்போட்ட விரிப்பு ஒன்று மேலிருந்து கீழ்வரை தொங்கிற்று. பெட்டி பழுதோ என்று கேட்டேன். "ஆமாங்க, ரிப்பேரு" என்றார் கடைக்காரர். ஆனால் விரிப்பின் அடியோரத்தில் ஒளி கசிந்தது. சற்று நேரத்துக்கு ஒருமுறை அவ்வொளியின் நிறமும் மாறிற்று. பழுதுபட்ட பெட்டி அவ்வாறு நிறம் மாறாது.

நான் தலையணைகளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவருடைய கைபேசி ஒலித்தது. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"டேப்லட்ட ஆஃப் பண்ணி வெச்சிரு. இல்ல, ஒடையல, நல்லாதான் கீது. வூட்டுக்கு வந்து சொல்றேன். கம்ப்யூட்டர்ல போய் உக்காருன்னு நான் எப்டி சொல்லுவேன், உங் கழுத்து எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கிடைத்தவை இவ்வளவே. இனி வருவன யாவும் நான் புனைந்தவை. அக்கடைக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்பொழுது நான் எங்கள் நூலக வாசகர் வட்டத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். "படைப்புப் பணியில் கணினியின் இடத்தை டேப்லட் நிரப்புமா?" என்பது தலைப்பு. இளைஞர்களுக்குப் பயன்படும் என்று மலர்க்குழுவினர் கருதினர். கட்டுரைக்கான குறிப்புகளோடு கடைக்குப் போனவன், இரண்டு தலையணைகளோடும் இக்கதையோடும் திரும்பி வந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"படைப்புப் பணிபுரிவோர் கருவியிடம் எதிர்பார்ப்பன திரையின் பரப்பும் இயக்கத்தின் விரைவும் ஆகும். இவற்றுள் முன்னதை நோக்குங்கால் டேப்லட்டானது—"

[நோக்குங்கால் என்று எழுதியவுடன் எனக்கே கொட்டாவி வந்தது. நிறுத்தினேன்.]

இரண்டாவது:

"கோவளத்தில் மாலை வேளைகளில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வறுத்த மீனின் மணம்—"

[கடற்கரைக் கதையென்றால் மீன் மணத்தோடு தொடங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இக்கதையில் ஒருவரும் மீன் உண்பதாகவும் இல்லை.]

மூன்றாவது:

"ஷாஹிதா மணப்பெண்ணின் முகத்தைத் திரையில் பெரிதாக்கினாள். வலக் கன்னத்தில், வியர்வையோடு வழிந்த மை—"

[இதுவே தக்க தொடக்கம் என்று தோன்றிற்று. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு முழுவதையும் நீக்கினேன். நான் நிற்கத் தகாத இடத்தில் நின்றுகொண்டு எழுதியிருந்தேன். அஃது ஏன் தகாத இடம் என்பதைச் சொன்னால்தான் கதையே விளங்கும்.]

3

ஷஃபியுல்லா கேளம்பாக்கத்து மெத்தைக் கடைக்காரன். வீடு கோவளத்தில், ஒரு மாடிப் பகுதி. அவன் மனைவி ஷாஹிதா திருமண ஆல்பம் வடிவமைப்பவள். அதிலும் பெண்கள் பக்கத்து ஆல்பங்களை மட்டும்.

அப்பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் திருமணங்களில் ஆண்கள் கூடம் வேறு, பெண்கள் கூடம் வேறு. பெண்கள் கூடத்தில் மணப்பெண் முக்காட்டை விலக்கிவிட்டுத் தோழியரோடு சிரிப்பாள். அவளுடைய சின்னம்மாமார் பாடுவர். யாராவது ஒருத்தி ஆடவும் செய்வாள். அப்படங்கள் ஆல்பமாக வேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கு உண்டு. ஆனால் அவை எந்த ஆடவனுடைய கைக்கும் போய்விடக் கூடாது. படம் எடுப்பவரும் பெண்ணாக இருத்தல் வேண்டும், அதைத் திருத்தி ஒழுங்குபடுத்துபவரும் பெண்ணாக இருத்தல் வேண்டும், அச்சிடும் இடத்திலும் ஒரு பெண்ணே முன்நின்று வாங்கி வருதல் வேண்டும்.

படம் எடுப்பவள் ஊரப்பாக்கத்து ஜாக்குலின். தேவாலயத் திருமணங்களை எடுத்துப் பழகியவள். மெமரி கார்டை ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் கோவளம்வரை வந்து, ஷாஹிதாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பாள்.

ஷாஹிதாவின் கணினி உள்ளறையில் இருந்தது. கறுத்துப் பெருத்த பழைய பெட்டி. வாங்கிய நாள்தொட்டு அதற்கு இணையத் தொடர்பு கொடுக்கப்பட்டதே இல்லை. "நெட் இல்லாத கம்ப்யூட்டரு" என்பதே அவளுடைய விளம்பரம். செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் தாய்மார்கள் அந்த ஒரு சொல்லை நம்பியே வந்தார்கள்.

அவளிடம் வேறொரு வழக்கமும் இருந்தது. ஆல்பம் வாங்க வருகின்ற நாளில், மணப்பெண்ணின் தாயைத் தன் நாற்காலியில் உட்காரவைப்பாள். எல்லாப் படங்களையும் குறித்துவிட்டு, "நீங்களே அமுக்குங்கம்மா" என்பாள். தாய், தன் விரலாலேயே அழிக்கும் விசையை அழுத்துவாள். திரை வெறுமையாகும். அதன்பிறகே ஆல்பத்தை அவிழ்த்துக் காட்டுவாள். சிலர் அந்த விசையை அழுத்துகையில் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்வதுண்டு.

ஷஃபியுல்லா அவ்வறைக்குள் போக வேண்டுமாயின் வெளியே நின்று, "வரலாமா?" என்பான். அவள் திரையை அணைத்துவிட்டு, "வா மச்சான்" என்பாள். மணமான நாள்முதல் அப்படித்தான்.

ஆகவே என் மூன்றாவது தொடக்கம் பாதியில் நின்றுபோயிற்று. ஷாஹிதா என் கற்பனையே எனினும், அவளது அறைக்கு அவள் விதித்தது எனக்கும் பொருந்தும், நானும் ஆடவன். ஷஃபியுல்லா எந்த இடம்வரை போகிறானோ அந்த இடம்வரையில்தான் இக்கதை போகும்.

4

ஷாஹிதாவுக்குக் கழுத்தெலும்பில் தேய்வு கண்டது. வலக்கை விரல்கள் மரத்துப்போயின. மேசைமுன் உட்காரவே கூடாது என்று செங்கல்பட்டு மருத்துவர் சொல்லிவிட்டார். அச்சமயம் அவளிடம் ரோஷன் பீவி என்பவரின் மகள் திருமணப் படங்கள் இருந்தன. ரோஷன் பீவி செங்கல்பட்டில் சட்டைத் துணிக்கடை நடத்தும் குடும்பத்தவர். அவர் ஒருவர் மனம் நிறைந்தால் அவருடைய தெருவே ஷாஹிதாவிடம் வரும்.

ஷஃபியுல்லா ஒரு டேப்லட் வாங்கி வந்தான். கூடவே கடையிலிருந்து மூன்று வகைத் தலையணைகளும்.

அன்று ஜாக்குலினும் வந்திருந்தாள். டேப்லட்டைத் தூக்கி எடை பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, தோசக்கல்லு மாதிரி கீது. இத்த வெச்சிகினு ஆல்பம் பண்றதா?"

"பேனாலாம் குடுத்துக்கிறாம்மா. டாக்டருங்க, இன்ஜினீருங்கள்லாம் இதுலதான் வேல பாக்குறாங்களாம்."

"ஆல்பம் ஷீட்டு இன்னா அகலம்னு தெரியுமா ஒனக்கு? ரெண்டு கையையும் விரிச்சாதான் புடிக்க முடியும். இது கைக்குட்ட சைஸு."

"நீ ஸ்கூட்டில வந்தியா, லாரில வந்தியா? ஊர் வந்து சேந்துட்ட இல்ல?"

"உடு மச்சான்," என்றாள் ஷாஹிதா. தலையணைகளில் சாய்ந்தபடி பேனாவை வாங்கினாள். வெறுந்திரையில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கண்ணிமை போல வளைத்தாள். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போ. படத்தத் தொறக்குறேன்."

அவன் கூடத்துக்குப் போனான். உள்ளே நெடுநேரம் ஓசையில்லை. பிறகு அவள் குரல் கேட்டது.

"ஜாக்கி, மவுஸுல பண்ணும்போது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவுல யாரோ உக்காந்துகினு இருக்கா மாதிரி இருக்கும். இப்ப இல்ல. நானே அவ மூஞ்சியத் தொடச்சி உடுறா மாதிரி கீது."

கூடத்திலிருந்த ஷஃபியுல்லா கடைக்குப் போகாமல் மேலும் சிறிது நேரம் அங்கேயே நின்றான்.

[கட்டுரைக்காகச் சேர்த்த குறிப்புகளை இவ்விடத்தில் பயன்படுத்திக்கொள்கிறேன். டேப்லட்டில் பேனா, விரலின் அழுத்தத்தை அறியும். மென்மையாகத் தொட்டால் மெல்லிய கோடு விழும். கணினியில் அஃது எளிதன்று. ஆனால் படத்தின்மேல் படமாகப் பல அடுக்குகள் வைத்தால் டேப்லட் திணறும். விரிந்த தாளை முழு அளவில் காட்டாது. அச்சில் வரும் சிவப்பு ஒன்றாகவும் திரையில் தெரியும் சிவப்பு வேறாகவும் இருக்கும். ஷாஹிதா முகங்களை டேப்லட்டில் திருத்திக்கொண்டாள். தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு மட்டும் கணினிமுன் கால்மணி நேரம் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். ஆக, "பாதி நிரப்பும்" என்பது விடை. கட்டுரையாயின் இவ்விடத்தில் முடிந்திருக்கும், மலர்க்குழுவும் மகிழ்ந்திருக்கும்.]

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. டேப்லட்டை முதன்முதலில் திறந்தபோது அது மின்னஞ்சல் முகவரி கேட்டது. ஷாஹிதாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. இணையமே தொடாதவளுக்கு அஃது எதற்கு?

"என்னுதையே போட்டுக்க," என்றான் ஷஃபியுல்லா. "எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னு இன்னாத்துக்கு?"

அந்த முகவரியையே அவன் கைபேசிக்கும் கடைத் தொலைக்காட்சிக்கும் கொடுத்திருந்தான். வீட்டுச் சாவி ஒன்று, கடைச் சாவி ஒன்று என்று வைத்துக்கொள்பவன், இதற்கு மட்டும் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போட்டான். அன்பினால் போட்டான்.

"நெட்ட ஆஃப் பண்ணிட்டியா மச்சான்?"

"பண்ணிட்டேன்."

பண்ணித்தான் இருந்தான். ஆனால் வியாழனன்று ஆல்பத்தின் முதல் தாளுக்கு அழகிய அரபு எழுத்து வடிவம் ஒன்று வேண்டுமென்று அவள் கேட்டாள். அதை இறக்கித் தருவதற்காக இணையத்தைத் திறந்தான். எழுத்து வந்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. மூட மறந்தான்.

5

இவ்விடத்தில் ஷஃபியுல்லாவைப் பற்றி எனக்கே ஓர் ஐயம் எழுந்தது. இத்துணை நல்லவனாக ஒருவனை எழுதினால் வாசகர் நம்புவரோ? எனவே அவனைச் சற்றே தாழ்த்திப் பார்த்தேன்.

"திரையில் வந்த முகத்தை அவன் வேண்டிய அளவுக்கும் சற்று மிகுதியாகப் பார்த்—"

அச்சொல்லை என்னால் முடிக்க இயலவில்லை. அவன் நல்லவன் என்பதனால் அன்று. அவன் அப்போது அச்சத்தில் இருந்தான். அஞ்சியவனுக்கு மிகுதியாகப் பார்க்க நேரம் ஏது?

நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடையைத் திறந்திருந்தான். தையூரிலிருந்து அப்பாசாமி என்றொருவர் முதுகுவலிக்கு மெத்தை தேடி வந்தார். தென்னை நார் மெத்தை ஒன்றில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தார்.

"இன்னா பாய், கட்டாந்தரையில உக்காந்தா மாதிரி கீது."

"உக்காந்து பாக்குறதில்ல சார் மெத்த. படுங்க. படுத்து, கண்ண மூடி, வூட்டுல கீறதா நெனச்சிக்குங்க."

"வூட்டுல கீறதா நெனச்சா தூக்கம் வருமா பாய்? எம் பொஞ்சாதியப் பத்தி உனக்குத் தெரியாது."

என்றாலும் படுத்தார். கண்ணையும் மூடினார். தொலைக்காட்சியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்று ஓடி முடிந்திருந்தது. நிகழ்ச்சி ஏதும் ஓடாமல் சற்று நேரம் இருந்தால், அப்பெட்டி தானாகவே முகவரிக்கு உரியவரின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கும். வழக்கமாக வருவன மெத்தைப் படங்கள். ஒருமுறை கோவளத்தில் அவன் வாங்கிய ஆட்டுக்குட்டி.

அன்று ஒரு படம் வந்தது.

[அது எப்படிப்பட்ட படம் என்று எழுதமாட்டேன்.]

ஷஃபியுல்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. மூட மறந்த இணையத்தின் வழியே டேப்லட்டின் படங்கள் தன் முகவரிக்கு வந்துவிட்டன என்று விளங்கியதும் ரிமோட்டைத் தேடினான். அது தலையணைக் குவியலுக்குள் எங்கோ புதைந்திருந்தது. மின்விசை, அடுக்கிய மெத்தைகளுக்குப் பின்னால் இருந்தது. கைக்கு அகப்பட்டது ஒரு விரிப்பு. உறையைக் கிழித்து, உதறி, முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு பெட்டியின்மேல் வீசினான். முதல் வீச்சில் நழுவிற்று. மறுபடி எறிந்து, இரு மூலைகளையும் பெட்டிக்குப் பின்னால் செருகினான்.

"இன்னா பாய், டிவிக்குக் குளிருதா?"

அப்பாசாமி மெத்தையில் ஒருக்களித்துப் படுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சார் கண்ணத் தொறந்தீங்க?"

"நீ பெட்சீட்ட ஒதறுன சத்தத்துல."

"அதுக்கு முன்னாடி?"

அப்பாசாமி எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

"நல்ல மெத்த பாய். கட்டிப் போடு. கண்ண மூடினதும் சொக்கிருச்சி."

6

அப்பாசாமியைப் படைத்தவன் நான். அப்படம் திரையில் இருந்தபோது அவருடைய கண்கள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடலாம். மூடியிருந்தன என்று எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி. எழுதிப் பார்த்தேன். மறுநாள் படிக்கையில் அவ்வாக்கியம் அவர் சொன்ன உண்மை போல் அன்றி, வாசகருக்கு நான் கொடுத்த கையூட்டுப் போல் தோன்றிற்று. அவர் பார்த்திராமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டு, கடைக்காரனின் முகத்தைக் கண்டு இரங்கிப் பொய் சொல்லியிருக்கலாம். எவ்வாறாயினும் அவர் நல்ல மனிதர். ஷஃபியுல்லாவுக்கு ஐயம் நீங்கவில்லை. எனக்கும் நீங்கவில்லை.

அவர் போனபின், யாருக்கும் தெரியாமல் இதைச் சரிசெய்துவிடலாம் என்று ஷஃபியுல்லா எண்ணினான். கைபேசியில் அதே முகவரியைத் திறந்து, புதிதாக வந்த படங்களை அழித்துவிட்டால் போதும். ஷாஹிதாவின் கழுத்து நலமடைகிறவரை அவள் டேப்லட்டிலேயே வேலை செய்யலாம். அவளுக்கு இது தெரியவே வேண்டா.

திறந்தான். சிறுசிறு கட்டங்களாகப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. அழிக்க வேண்டுமாயின் ஒவ்வொன்றையும் தொட்டுக் குறிக்க வேண்டும். தொட வேண்டுமாயின் பார்க்க வேண்டும். அவனுடைய ஆட்டுக்குட்டி எது, அவர்களுடைய பெண் எது என்று பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலால் திரையை மறைத்துப் பார்த்தான். கண்களைச் சுருக்கிப் பார்த்தான்; நிறங்கள் மட்டும் கலங்கித் தெரிந்தன, முகம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கைபேசியைக் கல்லாமேசைமேல் கவிழ்த்து வைத்தான். அந்நேரத்தில்தான் நான் தலையணை வாங்க உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

கட்டுரைத் தலைப்புக்கு உண்மையான விடை இவ்விடத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கணினி வைத்த இடத்திலேயே கிடக்கும் பெட்டி. ஷாஹிதாவின் தொழிலில் அந்த அசையாமையே ஒரு காவல். டேப்லட் அவள் கைக்கு நெருங்கி வந்தது; அதே நெருக்கத்தோடு வெளியுலகுக்கும் போயிற்று. வேகம், நிறம், பரப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குக் காவல் என்னும் ஒப்பீடு மனத்தில் வரவே இல்லை.

7

கடையின் முழு மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு அவன் அந்திக்கு முன்பே வீடு திரும்பினான். ஷாஹிதா கழுத்தில் வெந்நீர்ப் பையோடு சாய்ந்திருந்தாள். டேப்லட் மூடியபடி அருகே கிடந்தது. அவன் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ரிமோட்டை, விரிப்பை, அப்பாசாமியை, கட்டைவிரலை.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "எத்தினி பாத்த?" என்றாள்.

"ஒண்ணு."

"எந்தப் படம்?"

"வேணாம் ஷாஹி. சொன்னா இன்னொரு வாட்டி பாத்தா மாதிரி ஆவும்."

அவள் கையை நீட்டினாள். அவன் கைபேசியைக் கொடுத்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவ்வாறு திரும்பினால் கழுத்து வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் ஒரு தலையணையை அணைத்து வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் தேடி வெறுமையாக்கினாள். பின்பு டேப்லட்டிலிருந்து அவன் முகவரியையே நீக்கினாள்.

"அந்தப் பெரியவரு?" என்றாள் உள்ளிருந்தபடி.

"கண்ண மூடிகினு இருந்தாராம்."

"இருந்தாரா?"

"தெரில."

ஜாக்குலினை அவளே தொலைபேசியில் அழைத்து, நடந்ததையும் ரோஷன் பீவியிடம் அதைச் சொல்லப்போவதையும் கூறினாள். ஒலிபெருக்கியில் வந்த குரல் கூடம்வரை கேட்டது. முதலில் சாலை இரைச்சல்.

"யக்கா, ரோஷன் பீவியம்மாகிட்ட சொன்னா உம் பொழப்பும் போவும், எம் பொழப்பும் போவும். செங்கல்பட்டுல ஒருத்தி கூடக் கூப்புட மாட்டா."

"தெரியும் ஜாக்கி."

"நான் எடுத்த படம். அந்தப் பொண்ணு என்னப் பாத்துதான் சிரிச்சிது, உன்னப் பாத்து இல்ல." மறுபடி சாலை இரைச்சல். "சொல்லிரு யக்கா."

ஷஃபியுல்லா வாயிற்படியில் வந்து நின்றான். "எல்லாத்தையும் அழிச்சாச்சே. இனிமே வெளிய எங்கயும் இல்ல. சொல்லணுமா?"

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வருவாங்க. என் சேர்ல உக்காந்து பட்டன அமுக்குவாங்க. அப்ப நான் பக்கத்துல நிக்கணும் மச்சான்."

வெந்நீர்ப் பை ஆறியிருந்தது. எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான்.

8

எழுதி விலக்கிய முடிவுகள்:

அ. ஷாஹிதா சொல்லவில்லை. ரோஷன் பீவி விசையை அழுத்துகிறார். ஆல்பத்தைப் பார்த்துக் கண்கலங்குகிறார். ஷாஹிதாவின் தலையில் கைவைத்து வாழ்த்துகிறார். அந்தக் கை தலையில் படும் இடம்வரை எழுத முடிந்தது.

ஆ. சொல்லிவிடுகிறாள். ரோஷன் பீவி மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். ஆல்பம் மேசைமேல் கிடக்கிறது. ஷாஹிதாவின் கைபேசி அதன்பின் ஒலிப்பதே இல்லை. [நடக்கக்கூடியதே. இப்படி நடந்தால் ரோஷன் பீவியைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.]

இ. சொல்லிவிடுகிறாள். ரோஷன் பீவி அவளைக் கட்டித் தழுவி, "உண்மையச் சொன்னியே" என்கிறார். [இதை எழுதும்போது கை மிக விரைவாக ஓடிற்று. ஒரு தாயின் மன்னிப்பை அவரைக் கேளாமலே எடுத்து வழங்கிவிட்டேன். நீக்கினேன்.]

9

அடுத்த வார ஞாயிறு முற்பகலில் ரோஷன் பீவி ஆட்டோவில் வந்து இறங்கினார். பெருத்த உடம்பு, மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். ஷஃபியுல்லா ஸலாம் சொல்லி வரவேற்றுவிட்டு, வழக்கம்போல் வெளியே படிக்கட்டில் போய் நின்றான். கதவு ஒருக்களித்திருந்தது. கேட்க வேண்டும் என்று அவன் நிற்கவில்லை. வேறெங்கும் போக அவனால் இயலவில்லை.

ரோஷன் பீவி வெயிலைப் பற்றியும் மருமகனின் ஊரைப் பற்றியும் பேசினார். பிறகு ஷாஹிதாவின் குரல், தாழ்ந்து, விட்டுவிட்டு வந்தது. தெருவில் உப்பு விற்கும் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

கதவு திறந்தது. ரோஷன் பீவி வாயிற்படியில் நின்றார்.

"நீதான் பாத்தியா தம்பி?"

"ஆமாம்மா."

"எத்தினி?"

"ஒண்ணு."

"அப்பால இன்னா பண்ண?"

"பெட்சீட்டப் போட்டு மூடிட்டேன்."

"இன்னா பெட்சீட்டு?"

ஷஃபியுல்லா இவ்வினாவை எதிர்பார்க்கவில்லை. "டபுள் காட்டு. பூப்போட்டது. புதுசும்மா, பிரிக்காதது."

ரோஷன் பீவி அவனை நெடுநேரம் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்தது சினமா, வேறொன்றா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அந்த இன்னொரு ஆளு?"

"கண்ண மூடிகினு இருந்தேன்னாரு. சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரியும்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "நான் யாரு இதுல ஒண்ணு சொல்றதுக்கு? அவ மூஞ்சி. அவளத்தான் கேக்கணும்."

கையிலிருந்த கைபேசியில் மகளின் எண்ணைத் தேடிக்கொண்டே உள்ளே போனார். போகும்போது, "இப்பதான் எழுந்திருப்பா," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். உள்ளறையில் ஷாஹிதாவின் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. கைபேசியின் அழைப்பொலி இரண்டு முறை கேட்டது. மூன்றாவது முறை ஒலிக்கையில் யாரோ கதவைச் சாத்தினார்கள், தாழ்ப்பாளும் விழுந்தது.

ஷஃபியுல்லா படியில் உட்கார்ந்தான். நானும் அவனருகில் உட்கார்ந்தேன். உள்ளே கைபேசியில் ஓர் இளம்பெண் பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது; என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை. சொற்களை நானே இட்டு நிரப்பியிருக்கலாம், அது எழுதுகிறவனுக்கு எளிய வேலை. ஆனால் இதுவும் பெண்கள் பக்கம்.

வாசகருள் உள்ளே செல்லத் தக்கவர்கள் இருப்பின், கதவைத் தட்டுங்கள், உங்களுக்குத் திறப்பார்கள். அந்தப் பெண் சொல்வதை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்து சொல்ல வேண்டா. ஷாஹிதா தானே வெளியே வருகிறவரையில் நாங்கள் இருவரும் இந்தப் படியிலேயே இருக்கிறோம்.